மஸ்கெலியா: ஆறும் அணையும் நீருக்குள் போன பழைய டவுனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் இருந்து எட்டிப் பார்த்து "இது என்ன ஊர், இவ்வளவு தண்ணியா?" என்று கேட்கிற யாத்திரிகர்கள், பாடசாலை ஒப்படைக்கு விவரம் தேடுகிற பிள்ளைகள், கூடலூரில் இருந்தும் கோத்தகிரியில் இருந்தும் "எங்கள் தாத்தா பிறந்தது மஸ்கெலியா" என்று விசாரிக்கிறவர்கள். மூன்று தரப்பாரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். இந்த ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

மஸ்கெலியா எங்கே இருக்கிறது? எப்படி வரலாம்?

இலங்கையின் மத்திய மாகாணத்தில், நுவரெலியா மாவட்டத்தின் தென்மேற்குப் பக்கம். கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். கொழும்பில் இருந்தோ கண்டியில் இருந்தோ கோச்சியில் (ரயிலில்) வந்தால் ஹட்டனில் இறங்க வேண்டும். அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக 20 கிலோமீற்றர் அளவு பஸ் பயணம். நோர்வூட்டில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பொகவந்தலாவைக்குப் போகும், மற்றது எங்கள் ஊருக்கு வரும்.

நோட்டன்பிரிட்ஜ், லக்ஷபான பக்கமாகச் சுற்றியும் வரலாம். தூரம் கூடுதல், வளைவும் கூடுதல். ஆனாலும் ஆறும் அணைகளும் ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்பு என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாதை கிடையாது. அடைமழை நாளில் மட்டும் மண்சரிவு ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இது ஆற்றங்கரை ஊரா, குளத்தங்கரை ஊரா? ஆற்றையே காணவில்லையே?

ஆற்றங்கரை ஊர்தான். ஆற்றின் பெயர் மஸ்கெலி ஓயா. சிவனொளிபாத மலைத் தொடரில் இருந்து இறங்கி வரும் ஓடைகள் சேர்ந்து உண்டாகும் ஆறு. மலை ஏறுகிறவர்கள் குளித்துவிட்டுப் போகிற சீத கங்குலவும் அந்த ஓடைகளில் ஒன்று. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து கெசல்கமு ஓயா வருகிறது. இரண்டும் மலையை வெவ்வேறு பக்கமாகச் சுற்றி இறங்கி, கித்துல்கலைக்கு மேலே பொல்பிட்டியப் பக்கம் ஒன்று சேர்கின்றன. அந்த இடத்தில் இருந்துதான் களனி கங்கை. 145 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தக் கங்கை கொழும்புக்கு வடக்கே மட்டக்குளியில் கடலில் விழுகிறது. அதற்குச் சற்று மேலே அம்பத்தளையில் அதன் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு நகரம் பெரும்பாலும் குடிக்கிறது.

நீங்கள் டவுனில் நின்று பார்க்கும் அகன்ற நீர்ப்பரப்பு மவுசாகலை நீர்த்தேக்கம். மஸ்கெலி ஓயாவை அணை போட்டு மறித்ததால் பள்ளத்தாக்கு நிரம்பி உண்டானது. ஆறு அதற்கு அடியில்தான் இருக்கிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது, சேற்று நிலத்தின் நடுவே பழைய தடத்தில் அது மறுபடி ஓடுவதைப் பார்க்கலாம். வருஷக்கணக்காக மூடிக்கிடந்தும் ஆறு தன் பாதையை விடவில்லை என்பதை அந்த நாட்களில் நேரே காணலாம்.

மழையும் குளிரும் எப்படி?

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஜூன், ஜூலையில் நாட்கணக்கில் வெயிலைக் காண முடியாது. கொழுந்து எடுக்கிறவர்கள் முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, தலையில் பொலித்தீன் என்று மலைக்கு ஏறுவது அந்த மாதங்களில்தான். நீர்த்தேக்கம் நிரம்பி வான்கதவைத் தாண்டுவதும் அப்போதுதான். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னலோடு மழை.

ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்ந்து, இரவில் குளிர் கடிக்கும். அந்த வரண்ட காற்றில்தான் இந்தப் பக்கத்துத் தேயிலைக்குச் சிறந்த மணமும் நிறமும் ஏறும். வியாபாரிகள் டிம்புள்ள வலயம் என்று சொல்கிற பரப்புக்குள் மஸ்கெலியாவும் அடங்கும். அந்த வலயத்துத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கிற பருவம் அது.

தோட்டங்கள் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

காடு. அடர்ந்த மலைக்காடு. அதன் ஊடாக ஒரு யாத்திரைப் பாதை. சிவனொளிபாத மலை உச்சியில் உள்ள பாதச்சுவட்டை வணங்கப் போனவர்கள் நூற்றாண்டுகளாக இந்த மலைகளைக் கடந்திருக்கிறார்கள். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகர்களுக்குச் செய்து கொடுத்த வசதிகளை அம்பகமுவ கல்வெட்டு சொல்கிறது. மொரோக்கோவில் இருந்து வந்த இபுன் பதூதா 1344இல் மலையேறினார். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம், கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் புனித தோமையாரோடு சேர்த்துப் பேசுவார்கள். இத்தனை பேரும் ஏறிய மலையின் அடிவாரம் என்பதுதான் இந்த ஊரின் முதல் அடையாளம். தேயிலை அதற்குப் பிறகு வந்தது.

தோட்டங்கள் எப்போது வந்தன? எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள்?

கண்டியைச் சுற்றிய நிலமெல்லாம் கோப்பிக்குப் போன பிறகு, 1860களின் பிற்பகுதியிலும் 1870களிலும்தான் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகளை வெட்டித் திறந்தார்கள். வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். காட்மோர், கின்டயர், ஸ்ட்ரெத்ஸ்பே என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே தோட்டங்களுக்கு வைத்தார்கள். ஆனால் காலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. இலையில் துரு பிடிக்கும் பூஞ்சை நோய் 1869இலேயே இலங்கையில் தென்பட்டுவிட்டது. புதிதாக வைத்த கோப்பி பலன் தந்து கொஞ்ச காலத்திலேயே அழிந்தது. நடுவில் சிங்கோனா மரத்தை வைத்துப் பார்த்தார்கள். மலேரியாவுக்கு மருந்தாகும் பட்டை அது. எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்ததால் விலை விழுந்தது. பிறகுதான் தேயிலை. 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியதும் பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்க வழி திறந்தது.

வெட்டியதும் நட்டதும் பாதை போட்டதும் எங்கள் ஆட்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளில் இருந்து, ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணிமார் கூட்டி வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல், இரு கரையிலும் ரயில் என்று இணைப்பு வந்தபின் மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். வரும்போதே முன்பணக் கடன் தலையில். கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாதபடி கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் ஆற்றுத் தண்ணீரை நம்பி வயல் பார்த்தவர்களில் ஒரு பகுதியார், பஞ்சத்தாலும் கடனாலும் அந்த ஆறுகளை விட்டு வந்து இங்கே இன்னோர் ஆற்றின் தலைமாட்டில் குடியேறினார்கள் என்று நான் நினைப்பதுண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இந்த ஆறும் மறிக்கப்பட்டது.

பழைய மஸ்கெலியா டவுன் நீருக்குள் போனது உண்மையா?

உண்மை. அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான்.

இன்று பஸ் நிற்கிற, கடைகள் இருக்கிற டவுன் புதிய டவுன். பழைய டவுன் கீழே பள்ளத்தாக்கில், ஆற்றை ஒட்டி இருந்தது. கோயில், பள்ளிவாசல், விகாரை, கடைவீதி என்று முழுசான ஒரு ஊர். சுற்றியிருந்த தோட்டங்களில் சம்பளம் போட்டால் சனம் இறங்கி வரும் இடம் அது. மவுசாகலை அணை 1969இல் பாவனைக்கு வந்தபோது அந்த ஊர் முழுவதும் தண்ணீருக்குள் போனது. கடைக்காரர்களையும் குடியிருந்தவர்களையும் மேட்டு நிலத்துக்கு ஏற்றினார்கள். டவுனோடு சேர்த்து பள்ளத்தாக்கில் இருந்த தேயிலை மலைகளும் போயின.

பழைய டவுனை நடந்து பார்த்தவர்களுக்கு இன்று குறைந்தது அறுபது வயது தாண்டியிருக்கும். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் தெருவைச் சொல்ல மாட்டார்கள், சத்தத்தைச் சொல்வார்கள்: ஆற்றுச் சத்தம். படுத்தாலும் எழுந்தாலும் காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். மேலே வந்து குடியேறிய பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்று என் குடும்பத்திலேயே ஒரு பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். யார் கடை எந்தப் பக்கம், கோயில் வாசலில் இருந்து ஆற்றுக்கு எத்தனை படி, சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை எங்கே தொடங்கியது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஊருக்குச் சரியான வரைபடம் ஒன்றை அவர்கள் வாயால் கேட்டு வரைந்து வைக்க வேண்டிய காலம் இது. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள்.

ஏன் இங்கே அணை கட்டினார்கள்? தண்ணீர் எங்கே போகிறது?

மின்சாரத்துக்காக. கெசல்கமு, மஸ்கெலி இரண்டு ஓயாக்களும் சிறிய தூரத்துக்குள் பெரிய உயரம் இறங்குகின்றன. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறதோ அவ்வளவுக்கு மின் சக்தி எடுக்கலாம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இதைக் கணக்குப் போட்டு எழுதிச் சமர்ப்பித்தார். அன்றைய அரசாங்கம் இழுத்தடித்தது. வேலை தொடங்கி, நின்று, கடைசியில் 1950இல்தான் லக்ஷபானவில் மின்சாரம் பிறந்தது.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கெசல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கமும், நோட்டன்பிரிட்ஜில் விமலசுரேந்திரவின் பெயரையே தாங்கிய 50 மெகாவாற் மின் நிலையமும் 1965இல். மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை 1969இல். அதே ஆண்டில் கீழே பொல்பிட்டிய. புதிய லக்ஷபான 1974இல், 100 மெகாவாற். கனியன் 1983இல், 60 மெகாவாற்.

மவுசாகலைத் தண்ணீரின் பயணத்தைப் பின்தொடர்ந்து போவோம். அணைக்குப் பக்கத்தில் இருந்து மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் இறங்குகிறது. கனியன் நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது. கீழே ஒரு சிறிய குளத்தில் தேங்கி, மறுபடி சுரங்கம். புதிய லக்ஷபானவில் இன்னொரு சுற்று. லக்ஷபானக் குளத்தில் கெசல்கமுத் தண்ணீரோடு கலந்து, மூன்றாவது தடவை சுரங்கத்துக்குள் போய்ப் பொல்பிட்டியவில் வெளிவருகிறது. ஒரே தண்ணீர் மூன்று இடத்தில் வேலை செய்கிறது. இந்த ஏற்பாட்டின் அறிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் பெரிய நீர்த்தேக்கம் இல்லாவிட்டால் வெயில் மாதங்களில் கீழே உள்ள நிலையங்களுக்குப் போதிய தண்ணீர் கிடைக்காது. மழைக் காலத்து வெள்ளத்தைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது திறந்துவிடுகிற கொள்கலன் மவுசாகலைதான்.

அப்போது இங்கே இருந்த மக்களிடம் சம்மதம் கேட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அரசியல் வரலாற்றைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும்.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மஸ்கெலியாத் தொகுதியில் ஜி. ஆர். மோத்தா வென்றார். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை. மறு வருஷமே, எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்காளர் இடாப்பில் இருந்தும் பெயர்களை எடுத்தார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட எங்களுக்கு இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிக்கை பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள்.

இனி அணையின் ஆண்டைப் பாருங்கள்: 1969. பள்ளத்தாக்கு நீருக்குள் போன காலத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் தேயிலை மலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாதவர்கள். வாக்கில்லை, காணி இல்லை. இருந்த லயமும் (தோட்டத்து வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தம். காணிச் சொந்தக்காரனுக்கும் கடைச் சொந்தக்காரனுக்கும் நட்டஈடு பேச ஒரு உறுதிப்பத்திரமாவது இருக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனிடம் எதை வைத்துச் சம்மதம் கேட்பது? பழைய மஸ்கெலியாவைப் பற்றித் தமிழில் எழுத்துப் பதிவு குறைவாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் திடமான எண்ணம். இங்கேயே இருப்போமா, கப்பல் ஏறுவோமா என்று தெரியாமல் விண்ணப்பப் படிவத்தோடு அலைந்த சனத்துக்கு ஊரின் வரலாற்றை எழுதி வைக்க எங்கே அவகாசம்?

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு வெளிச்சம் தேவைப்பட்டது, இந்த ஆறு கொடுத்தது. ஆனால் மின் நிலையங்களைச் சுற்றியுள்ள மலைகளின் லயங்களில் பலவற்றுக்கு மின்சாரம் வந்து சேர இன்னும் நெடுங்காலம் எடுத்தது. மண்ணெண்ணெய்ச் சிமிலி விளக்கில் படித்து, அணைக்கட்டில் வரிசையாக எரியும் விளக்குகளைப் பார்த்த பிள்ளைகள் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். நாடற்றவர் என்ற நிலை முழுசாகத் தீர 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை பொறுத்திருக்க வேண்டி வந்தது.

நீருக்குள் போன டவுனை இப்போது பார்க்க முடியுமா?

எல்லா வருஷமும் முடியாது. பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மழை பொய்த்து, மின் உற்பத்திக்குத் தண்ணீர் தொடர்ந்து எடுக்கப்பட்டால், நீர்மட்டம் இறங்கி இடிபாடுகள் தலைகாட்டும். முதலில் மேட்டில் இருந்த கட்டடங்களின் சுவர்கள் தெரியும். பிறகு அத்திவாரங்கள். தரை முழுவதும் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்புக்குள் பார்த்தால் ஓட்டுத் துண்டும், பீங்கான் சில்லும், துருவேறிய ஆணியும் கிடக்கும். கோயில் இருந்த இடத்தில் சனம் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும். கருவறைக் கல்லில் படிந்த பாசி வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாக உரிந்து வருவதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே காய்ந்திருக்கும் சேறு உள்ளே இளகலாகவே இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் இடங்கள் உண்டு. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீரோரம் போகாதீர்கள். எதையும் ஞாபகார்த்தமாகப் பொறுக்கி எடுத்து வராதீர்கள். அது வணக்கத் தலமாக இருந்த மண்.

விமானம் மோதிய மலை இங்கேதான் என்கிறார்களே?

ஆம். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி, கொழும்பில் இறங்கி ஜித்தாவுக்குப் போக வேண்டிய டச்சு நிறுவனமான மார்ட்டின்எயாரின் டிசி-8 விமானம், ஏழு கன்னியர் மலையில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரும் இறந்தார்கள். இலங்கை மண்ணில் நடந்த மிகப்பெரிய விமான விபத்து இன்றுவரை அதுவே. நோட்டன்பிரிட்ஜ் பக்கம் நினைவுச் சின்னம் இருக்கிறது. தெளிந்த காலையில் வரிசையாக ஏழு முகடுகளும் தெரியும். எங்கள் ஆட்கள் அந்த மலையை ஏழு கன்னிமாராகக் கும்பிடுவது விபத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். இறந்த யாத்திரிகர்களுக்காகவும் அங்கே பிரார்த்தனை நடக்கிறது.

சிவனொளிபாத மலை யாத்திரைக்கு மஸ்கெலியா எவ்வளவு முக்கியம்?

ஹட்டன் வழியாக வருகிற யாத்திரிகர் எல்லோரும் எங்கள் டவுனைக் கடந்துதான் நல்லதண்ணிக்குப் போக வேண்டும். டிசெம்பர் போயா (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் போயா வரை பருவகாலம். மலை உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவில் ஏறி விடியலில் சூரியனைப் பார்ப்பது வழக்கம். அந்த ஐந்தாறு மாதத்தில்தான் டவுனின் கடைகளுக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் வருமானம்.

மலையைச் சுற்றிய காடு 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியானது. களனியும் களு கங்கையும் பிறக்கிற காடு அது. யாத்திரிகர் விட்டுப்போகிற பிளாஸ்டிக் போத்தல்கள் மழையோடு ஓடைக்கு வந்து, ஓடையோடு நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. டவுனின் குப்பையும் கழிவு நீரும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. இந்த ஆற்றின் கீழ்முனையில் ஒரு தலைநகரமே தண்ணீர் குடிக்கிறது. நல்லதண்ணி என்று பெயர் கொண்ட இடத்தில் இருந்து வருகிற தண்ணீர் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எங்களுக்கு வேதனை.

பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

126 மீற்றர் உயரமான லக்ஷபான நீர்வீழ்ச்சி மஸ்கெலி ஓயாவில்தான் விழுகிறது. அணைகள் மேலே தண்ணீரை வாங்கிக்கொள்வதால் மழைக் காலத்தில் பார்ப்பதே நல்லது. காட்மோர், மொரே நீர்வீழ்ச்சிகள் மவுசாகலையைச் சுற்றிய தோட்டங்களில். கெசல்கமு ஓயாப் பக்கம் 98 மீற்றர் உயர அபர்டீன் நீர்வீழ்ச்சி. பொகவந்தலாவை வரை போனால் அங்குள்ள தேவாலயத்தில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரூனின் கல்லறை இருக்கிறது. 1879இல் டிக்கோயாவில் மகனின் தோட்டத்தில் இறந்தவர்.

கூத்தும் திருவிழாவும் இன்னும் நடக்கின்றனவா?

நடக்கின்றன. மாசி மாதத்தில் காமன் கூத்து. ரதி, மன்மதன் கல்யாணத்தில் தொடங்கி, சிவன் மன்மதனை எரிக்கும் இரவு வரை தோட்டமே விழித்திருக்கும். தப்புச் சத்தம் பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் அடித்தால் இந்தக் கரையில் கேட்கும். நடுவில் தண்ணீர் இருப்பதால் சத்தம் தடையில்லாமல் வரும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடுகிற தோட்டங்களும் உண்டு. திருச்சி, கொங்குச் சீமைகளில் இருந்து கொண்டுவந்த கதைகள், பாட்டுக்காரர் வாய்வழியாகவே தலைமுறை தாண்டியவை. பாட்டுக்காரர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது; பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் கூத்துக்கு லீவு போட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது மனதுக்கு நிறைவு.

எந்தப் பிரதேச சபை?

முன்பு அம்பகமுவ பிரதேச சபை. அது மிகப் பெரிதாக இருந்ததால் மூன்றாகப் பிரித்தார்கள். 2018 தேர்தலில் இருந்து மஸ்கெலியாவுக்குத் தனிப் பிரதேச சபை, நோர்வூட்டுக்கும் அப்படியே. பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியா ஒரே தொகுதி. 1977இல் மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்த தொகுதி இது: காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, தொண்டமான். முப்பது வருஷத்துக்குப் பிறகு இந்த மலைகளின் தமிழ்ப் பிரதிநிதி ஒருவர் வாக்கால் வென்று போனது அந்தத் தேர்தலில்தான்.

எங்கள் குடும்பம் மஸ்கெலியாவில் இருந்து இந்தியா போனது. வேரைத் தேடி வர விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

உங்கள் வீட்டில் இருந்து. ஒப்பந்தத்தின்படி போனவர்கள் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அப்போது கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் தோட்டத்தின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிலோ, கர்நாடகத்தில் சுள்ளியப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அங்கேயும் கோப்பு இருக்கும். 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் தாயகம் திரும்பியோர் என்று பங்கு வாங்கியவர்களின் பத்திரங்களும் உதவும்.

தோட்டத்தின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயரும் ஆவணத்தில் உள்ள ஆங்கிலப் பெயரும் வேறாக இருக்கும்: நல்லதண்ணி என்று நாங்கள் சொல்வது பதிவில் டல்ஹவுசி. டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) பெயரும் கேட்டு வையுங்கள். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். இலக்கம் தெரியாவிட்டாலும் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த காலம் கொடுத்தால் தேடித் தருவார்கள். தோட்டக் காரியாலயங்களில் பழைய செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) எல்லா இடத்திலும் தப்பவில்லை. 1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் போனபோது கைமாறிக் கைமாறித் தொலைந்தவை நிறைய. தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா பள்ளிக்கூடம் போயிருந்தால் அதில் பெயர் இருக்கக்கூடும். போகாவிட்டால், அதே டிவிஷனில் வயதான ஒருவரிடம் போய் உங்கள் பாட்டன், பூட்டன் பெயரையும் எந்தக் கங்காணியின் பிரட்டு (வேலைக்கூட்டம்) என்பதையும் சொல்லுங்கள். "அட, அவங்க வீட்டுப் பிள்ளையா?" என்று ஒருவர் எழுந்து வந்து, இருந்த லயத்துக் காம்பிராவைக் காட்டியே விடுவார். சிவகாமி, மாரியாயி என்று பெயர்தான் பல, முறை ஒன்றுதான். உட்கார வைத்துப் பிளேன்டீ ஊற்றாமல் விடமாட்டார்கள்.

லயம் பள்ளத்தாக்கில் இருந்ததென்றால் அது இப்போது நீருக்குள். அதற்காக வராமல் இருக்காதீர்கள். வரும்போது பழைய படங்கள் ஏதும் இருந்தால் பிரதி எடுத்துக் கொண்டு வாருங்கள். கல்யாணப் படம், கோயில் திருவிழாப் படம், கடைவாசலில் நின்று எடுத்த படம் எதுவானாலும் சரி. நீங்கள் கொண்டுபோன படங்களில் பழைய டவுனின் ஒரு மூலையாவது பின்னால் விழுந்திருக்கும். யார் யார், எந்த வருஷம், எந்த இடம் என்று படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை இங்குள்ள பாடசாலை நூலகத்திலோ கோயிலிலோ கொடுத்துவிட்டுப் போங்கள்.